வருகையின் நோக்கம்

மார்க்கம், ஒன்ராறியோ
2026 பெப்ரவரி 9

அன்புள்ள அன்ரனெற்,

தொலைபேசியில் நான் கத்துகிறேன் என்றும், இனி ஏதாவது சொல்வதென்றால் மின்னஞ்சலில் எழுதவேண்டும் என்றும் நீர் சொல்லிவிட்டதாகக் கரோலின் அறிவித்தாள். நம் மகள் பாரிசில் இருந்துகொண்டு தாய்க்கும் தகப்பனுக்கும் இடையில் தூதரகம் நடத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் கத்துவதில்லை. மிசிசாகாவில் விமானச் சரக்குக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவனுடைய சாதாரணக் குரல் அது.

முதலில் வீட்டு நிலைமை. பனி தள்ளியாயிற்று. உமது கறிவேப்பிலைச் செடி யன்னலோரத்தில் உயிரோடு நிற்கிறது. என் தம்பி மாக்கஸ் கீழே பேஸ்மென்ற்றில் சுகமாக இருக்கிறான். அவன் சுகமாக இருப்பது உமக்குச் சந்தோசமான செய்தி அல்ல என்று தெரிந்தும் எழுதுகிறேன். உண்மையை மறைப்பது என் வழக்கமல்ல.

அடுத்தது, நீர் எப்போது திரும்பி வருவீர் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. ஐரோப்பியர்கள் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கனடாக் கடவுச்சீட்டோடு போகிறவர் எல்லையில் நான்கு விரல்களையும் முகத்தையும் கொடுக்கவேண்டும். மெசின் அவற்றை வைத்துக்கொண்டு அன்றிலிருந்து நாட்களை எண்ணும். நூற்றெண்பது நாட்களுக்குள் தொண்ணூறு நாட்கள்தான் தங்கலாம். முன்பென்றால் ஓர் அதிகாரி முத்திரைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கணக்குப் பிழைத்து, களைத்து, போ என்று விட்டுவிடுவார். மெசின் களைப்பதில்லை.

நீர் ஜனவரி 26ஆம் திகதி பாரிசில் இறங்கினீர். அந்த நாளையும் சேர்த்து எண்ணவேண்டுமாம். ஆகவே ஏப்ரல் 25 கடைசி நாள். இருபத்தொன்பது நாடுகள் ஒன்றுசேர்ந்து உம்மை வீட்டுக்கு அனுப்பிவைக்கும்போது, நான் ஒருவன் எதற்காக இடையில் புகவேண்டும்?

இப்படிக்கு,
இக்னேசியஸ்

பி.கு.: சோறு அவிக்கும் குக்கரின் மூடியைக் காணவில்லை.


பாரிஸ்
2026 பெப்ரவரி 15

கரோலின் அப்பாவுக்கு,

மூடி டிஷ்வோஷருக்குள் இருக்கிறது. நான் வந்த பிறகு நீங்கள் அதைத் திறக்கவே இல்லை என்று விளங்குகிறது.

நீங்கள் எழுதிய ஏற்பாட்டைப் பற்றி எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் கூடத் தெரியும். அது கேட்டது என்னுடைய விரலைத்தான். விமானத்தால் இறங்கினால் இரண்டு வரிசை. ஒன்றில் மெசின், மற்றதில் மனிதர். எனக்கு மெசின் கிடைத்தது. அது பாஸ்போட்டை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. கழற்றினேன். அடுத்ததாக அது என்ன சொல்கிறது என்று கண்ணாடி இல்லாமல் எனக்கு வாசிக்க முடியவில்லை. பின்னால் நின்ற மனுசி, ஆரோ எங்கட ஆக்கள்தான், "அன்ரி, சிரிக்கக் கூடாதாம், பல்லை மூடட்டாம்" என்று கத்தினா. கலியாணம் கட்டின நாளில் இருந்து நீங்கள் படம் எடுக்கும்போது சொல்வதைத்தான் அதுவும் சொன்னது.

பிறகு வலது கையின் நான்கு விரல். வைத்தும் வைத்தும் பச்சை வரவில்லை. குளிருக்குக் கை காய்ந்துபோயிருந்தது. கைக்குப் பூசும் கிறீமைக் கொஞ்சம் பூசி வைத்தேன். பச்சை வந்தது. வந்த கையோடு திரை கறுத்துப்போனது. பிறகு ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, நாலு கேள்வி கேட்டு, பாஸ்போட்டில் கையால் முத்திரையும் குத்திவிட்டார். ஆகவே நான் மெசினுக்குள் இருக்கிறேனா, முத்திரைக்குள் இருக்கிறேனா, இரண்டிலும் இருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. உங்கள் கணக்கை அதற்கேற்ற மாதிரிப் போடுங்கோ.

எனக்கு விளங்கிய ஒரே விசயம், அவர்கள் கேட்டார்கள். ஏன் வந்தாய், யார் வீட்டில் நிற்பாய், எத்தனை நாள், திரும்பிப்போக ரிக்கற் இருக்கிறதா. இரண்டு வருசத்துக்கு முதல் மாக்கஸ் பெட்டியோடு வாசலில் நின்றபோது இதில் ஒன்றையாவது கேட்டீர்களா? "ரெண்டு கிழமைக்குத்தான் அண்ணை, மனுசியோட சின்னப் பிரச்சினை" என்றான். நீங்கள் பேஸ்மென்ற் திறப்பைக் கையில் கொடுத்தீர்கள். நான் குசினியில் புட்டு அவித்துக்கொண்டு நின்றேன். அவனைக் கேட்காவிட்டால் பரவாயில்லை. என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

கரோலினின் குழந்தை, எங்கள் பேத்தி, சுகம். பெயர் வைத்தாயிற்று. கரோலின் சொல்லமாட்டாள், அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் என்னைக் கேட்டால் நான் சொல்கிறேன்.

அன்ரனெற்


மார்க்கம்
2026 பெப்ரவரி 28

அன்புள்ள அன்ரனெற்,

உமது கடிதம் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. திரை கறுத்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விட்டீர். நீர் உள்ளே வந்ததே அவர்களுக்குத் தெரியாவிட்டால், உம்மை வெளியே அனுப்பவேண்டும் என்பது எப்படித் தெரியும்?

உடனே ஸ்காபரோவுக்குப் போய், பிளாசாவில் ரிக்கற் விற்கும் தியாகலிங்கத்தைக் கேட்டேன்.

"அண்ணை, மெசினில பதிஞ்சா முத்திரை செல்லாது. முத்திரை குத்தினா மெசின் செல்லாது. ரெண்டும் இருந்தா ரெண்டு தரம் வந்த கணக்கு" என்றார்.

"அப்ப பாதி நாளிலயே அனுப்பிப்போடுவாங்களோ?"

என் குரலில் நம்பிக்கை தெரிந்ததாக அவர் பிறகு சொன்னார். அதை நான் மறுக்கிறேன்.

ரிக்கற்றுக்குக் காத்திருந்த ஒரு அம்மா இடையில் புகுந்தா. "பத்து விரலும் எடுக்கிறாங்களாம். என்ர மச்சாளிட்டக் கண்ணையும் எடுத்தவங்கள்."

"எடுத்துப்போட்டுத் திருப்பிக் குடுத்தவங்களோ அம்மா?" என்று தியாகலிங்கம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "போகமுந்தி ஒன்லைனில எடுக்கிற பயண அனுமதி வேற அண்ணை, இந்த மெசின் வேற. அது இன்னும் தொடங்கேல்ல" என்றார்.

"தொடங்காததுக்கு இன்ரநெற்றில இப்பவே விண்ணப்பம் வாங்கிறாங்களே?"

"அவங்கள் கள்ளர்."

அன்று அவர் சொன்னதில் இது ஒன்றுதான் சரி. வீட்டுக்கு வந்து உத்தியோகபூர்வமான பக்கத்தை நானே வாசித்தேன். கண்ணை எடுப்பதில்லை. நான்கு விரலும் ஒரு படமும்தான். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு விரலும் இல்லை. புதிய முறைக்கு மாறும் காலம் என்பதால் மெசினும் முத்திரையும் இரண்டும் நடக்குமாம். ஏப்ரல் 10ஆம் திகதியோடு முத்திரை முடிந்துவிடும். ஆனால் திரை கறுத்தால் என்ன பொருள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே முத்திரையைப் படம் எடுத்து அனுப்பும். திகதி தெளிவாக இருக்கிறதா? எந்தப் பக்கத்தில்? என்ன மை? உள்ளே போகும் அம்புக்குறி இருக்கிறதா? குத்தியவர் மெசினைப் பார்த்தாரா? பார்த்துத் தலையாட்டினாரா? ஆட்டியது எந்தப் பக்கமாக?

ஐரோப்பிய அதிகாரிகளை நான் அறிவேன். 1987இல் கனடா வரும் வழியில் ஒரு பகல் முழுவதும் அவர்களிடம் இருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஏன் வந்தாய் என்ற ஒரே கேள்வியை நான்கு பாஷைகளில் கேட்டார். நான்கிலும் என்னிடம் பதில் இருக்கவில்லை. இங்கே வந்து இறங்கிய பிறகு நான் விமானம் ஏறவில்லை என்பதும், ஏற்றியது மற்றவர்களுடைய பெட்டிகளை மட்டுமே என்பதும் நீர் அறிந்ததே.

பேத்தியின் பெயரை உரிய நேரத்தில் அறிந்துகொள்வேன்.

இக்னேசியஸ்


பாரிஸ்
2026 மார்ச் 19

கரோலின் அப்பாவுக்கு,

ஏழு கேள்வி கேட்டிருந்தீர்கள். ஏழும் முத்திரையைப் பற்றி. ஆகவே முத்திரையின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். மாதம் தெரிகிறது. நாள் மங்கல். 26 என்றும் சொல்லலாம், 20 என்றும் சொல்லலாம். மருமகன் 28 என்கிறார். நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்லுங்கோ.

எனக்குத் தடிமனும் இருமலும் வந்து மாறிவிட்டன. பேத்திக்குக் கழுத்து நின்றுவிட்டது. இவை முத்திரையில் இல்லாதபடியால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 25க்குப் பிறகு நான் இங்கே இருக்கமாட்டேன். அந்த மட்டில் உங்கள் கணக்குச் சரி.

அன்ரனெற்


மார்க்கம்
2026 ஏப்ரல் 6, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள்

அன்புள்ள அன்ரனெற்,

பாஸ்கு வாழ்த்துகள். பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சினேன். மாக்கஸ் இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "மச்சாள்ர கஞ்சி மாதிரி இல்லை அண்ணை" என்றான். அவன் உம்மைப் பற்றி நல்லதாகச் சொன்னதை உம்மிடம் சேர்ப்பிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

உமது கடைசிக் கடிதத்தின் கடைசி வரி மிகவும் திருப்தியாக இருந்தது. வீட்டைத் துடைத்துவிட்டேன். டிஷ்வோஷரைத் திறந்து பார்த்தேன். மூடி அங்கேதான் இருந்தது. அதற்கு முன்பே நான் ஒரு புது மூடி வாங்கியிருந்தேன், அது பொருந்தவில்லை.

மாக்கஸ் விசயத்தில் நீர் எழுதியதையும் யோசித்தேன். ஐரோப்பாவுக்குச் சரியானது எங்கள் பேஸ்மென்ற்றுக்கும் சரியாக இருக்கவேண்டும். சனிக்கிழமை கீழே இறங்கிப்போய் அவனிடம் விளக்கினேன்.

"மாக்கஸ், இனி நூற்றெண்பது நாளில தொண்ணூறு நாள்தான்."

"எங்க அண்ணை?"

"இஞ்சதான். பேஸ்மென்ற்றில."

"எப்ப இருந்து எண்ணுறது?"

"இண்டையில இருந்து."

"அப்ப முதல் இருந்த ரெண்டு வருசம்?"

"அது பதியேல்ல."

"பதியேல்லயெண்டா நான் இன்னும் வரவே இல்லையே அண்ணை. இண்டைக்குத்தானே வாறன்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான். பிறகு குறைத்தான். "தொண்ணூறு முடிய மேல கரோலின்ர றூமில ஒரு தொண்ணூறு இருந்திட்டு, திரும்பக் கீழ வரலாமோ?"

விதியை எடுத்துப் பார்த்தேன். தடை இருப்பதாகத் தெரியவில்லை. இந்த விதியை எழுதியவர்கள் மாக்கசைச் சந்தித்திருக்கவில்லை.

25ஆம் திகதி விமானநிலையத்துக்கு நான் வருவேன். எந்த விமானம் என்று மட்டும் எழுதும்.

இக்னேசியஸ்


லண்டன்
2026 ஏப்ரல் 27

கரோலின் அப்பாவுக்கு,

சனிக்கிழமை பாரிசில் இருந்து வந்த விமானங்கள் எல்லாவற்றுக்கும் போய் நின்றீர்களாம். கரோலின் சொன்னாள். எனக்குக் கவலைதான். ஆனால் நான் மார்க்கத்துக்கு வருகிறேன் என்று எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. எடுத்துப் பாருங்கோ.

நான் லண்டனில் அக்கா வீட்டில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமையே வெளிக்கிட்டுவிட்டேன். உங்களுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்: வெளியேறும்போதும் மெசின் இருந்தது. முகத்தைக் காட்டினேன், உடனே ஆளைப் பிடித்துவிட்டது. ஜனவரியில் நான் உள்ளே போனது அதற்கு வடிவாகத் தெரிந்திருந்தது. திரை கறுத்தது வெறும் திரை கறுத்ததுதான். இவ்வளவு நாளும் நீங்கள் நித்திரையைக் கெடுத்தது வீண்.

ஐரோப்பா என்னைப் போகச் சொன்னது. எங்கே போ என்று சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்கவில்லை. லண்டன் அந்தக் கணக்கில் சேராது. தொண்ணூறு நாள் வெளியில் நின்றால் திரும்பவும் தொண்ணூறு நாள் உள்ளே நிற்கலாம். இப்படியே சாகும்வரைக்கும் லண்டனும் பாரிசுமாகப் போய்வரலாம் என்று அக்கா சொல்கிறா. மாக்கசைப் பற்றி நீங்கள் எழுதியதை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கெட்டிக்காரன் என்றா.

ஜூலைக் கடைசியில் திரும்பப் பாரிசுக்குப் போகிறேன். ஓகஸ்ட் 2ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். கரோலின் உங்களுக்கு அழைப்பு அனுப்புவாள். அதில் பெயர் இருக்காது.

என்னைத் திரும்ப அனுப்பும் வேலையை இனி யாரிடம் கொடுக்கப்போகிறீர்கள்?

அன்ரனெற்


மார்க்கம்
2026 மே 12

அன்புள்ள அன்ரனெற்,

இந்தக் கடிதத்தைப் பல தடவை தொடங்கினேன். ஆகவே செய்தியை மட்டும் எழுதுகிறேன். மாக்கஸ் போய்விட்டான்.

என் விதியால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவனுடைய மனைவி சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து போன் எடுத்தா. கையில் கறி என்பதால் அவன் ஸ்பீக்கரில் போட்டான். இரண்டு வருடத்தில் அவ எடுத்த முதல் அழைப்பு என்று நினைக்கிறேன். "வாருங்கோவன்" என்றா. அவ்வளவுதான்.

மாக்கஸ் கையைக் கழுவினான். கீழே போனான். நான் சோற்றை முடிக்குமுன் பெட்டியோடு மேலே வந்தான்.

"ரெண்டு வருசம் போகாம இருந்தனீ, இப்ப மட்டும் என்ன?" என்று கேட்டேன்.

"கேக்கேல்லையே அண்ணை."

"ஆர் கேக்கேல்ல?"

"அவள்தான். நான் அவள் கேப்பாள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அவள் நான் கேப்பன் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவளாம்." சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "மச்சாளுக்குச் சொல்லுங்கோ, றூமைக் கூட்டித்தான் விட்டிருக்கிறன்" என்றான்.

அந்தப் பெண் மெசின் எதையும் பாவிக்கவில்லை. விரலோ முகமோ நாளோ கேட்கவில்லை. இதை எதற்காக உமக்கு எழுதுகிறேன் என்பது எனக்குச் சரியாக விளங்கவில்லை. கீழே தொலைக்காட்சிச் சத்தம் இல்லாமல் வீடு ஒரு மாதிரி இருக்கிறது.

பேஸ்மென்ற் காலி. நீர் திரும்பி வருவதற்கு இப்போது தடை எதுவும் இல்லை என்பதை இத்தால் அறியத்தருகிறேன்.

இக்னேசியஸ்


லண்டன்
2026 ஜூன் 3

கரோலின் அப்பாவுக்கு,

தடை இல்லை என்று அறியத்தந்ததற்கு நன்றி. நகரசபையில் இருந்து வந்த கடிதமாக்கும் என்று அக்கா நினைத்தா.

மாக்கஸ் வந்ததால் நான் போகவில்லை. அவன் வந்தபோதும் நீங்கள் என்னைக் கேட்கவில்லை. போனபோதும் கேட்கவில்லை. அவன்ர பெண்சாதி சொன்ன அந்த ஒரு சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

அன்ரனெற்


பாரிஸ் விமானநிலையம், பெட்டிகள் வரும் இடம்
2026 ஜூலை 30

அன்புள்ள அன்ரனெற்,

இதைக் கைப்பேசியில் எழுதுகிறேன். கரோலின் வெளியே காத்திருப்பாள். நீரும் வந்திருக்கிறீரா என்று தெரியாது. வெளியே வருமுன் இதை உமக்கு அனுப்பிவிட வேண்டும். நேரில் என்றால் என் குரல் கூடிவிடும்.

தியாகலிங்கத்திடம் ரிக்கற் எடுத்தபோது, "திரும்பி வரேக்க அன்ரிக்கும் சேத்துப் போடட்டோ அண்ணை?" என்று கேட்டார். போடுங்கோ என்று வாய்வரை வந்தது. "பொறுங்கோ, அவவைக் கேக்கவேணும்" என்றேன். தியாகலிங்கம் கொம்பியூட்டரில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இங்கே வரிசை நீளம். கண்ணாடியைக் கழற்றினேன். நீர் எழுதியது உண்மை, அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. சிரிக்கக் கூடாது என்ற விதியில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. விரல்தான் பிரச்சினை. சரக்குக் கொட்டகையில் தேய்ந்த விரல், மெசின் பிடிக்கவே இல்லை. உமது குளியலறைத் தட்டில் இருந்த கிறீமை எடுத்து வந்திருந்தேன். பூசினேன். பச்சை வந்தது. உமது மணமும் வந்தது. அதை மெசின் பதியவில்லை.

பிறகு கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. கரோலினின் வயதுதான் இருக்கும். என்னிடம் அழைப்புக் கடிதம், காப்புறுதி, ரிக்கற் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"வருகையின் நோக்கம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஞானஸ்நானம்."

"யாருக்கு?"

"என் பேத்திக்கு."

"பேத்தியின் பெயர்?"

அன்ரனெற், முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு நான் திரும்பவும் அதே கண்ணாடிக்கு முன்னால் பதில் இல்லாமல் நின்றேன். இந்தத் தடவை பாஷை தெரிந்திருந்தது. அதுதான் வித்தியாசம்.

"தெரியாது" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்கள் பேத்தியின் பெயர் உங்களுக்குத் தெரியாதா?"

"மனைவிக்குத் தெரியும். நான் கேட்டால் சொல்லுவா."

"ஏன் கேட்கவில்லை?"

இதற்குக் காட்டுவதற்கு என் கோப்பில் ஒரு பத்திரமும் இருக்கவில்லை. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"கேட்கத்தான் வந்திருக்கிறேன்" என்றேன்.

"பெயரைக் கேட்கவா?"

"பெயரையும்."

அவள் அழைப்புக் கடிதத்தைப் புரட்டினாள். பிறகு, "எத்தனை நாள்?" என்றாள். பத்து என்றேன். "மனைவியும் உங்களோடு திரும்பிப் போகிறாரா?" என்றாள். அதையும் கேட்கவேண்டும் என்றேன். அவள் எதையோ தட்டிப் பதிந்தாள். என்னுடைய நோக்கம் என்று அந்த மெசினுக்குள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருடம் வைத்திருப்பார்களாம்.

ஆகவே கேட்கிறேன். பேத்தியின் பெயர் என்ன? நீர் என்னோடு வீட்டுக்கு வருவீரோ? மூன்றாவது கேள்வி ஒன்று மாக்கஸ் வந்த அன்றைக்குக் கேட்டிருக்கவேண்டியது. அது காலாவதியாகிவிட்டது, ஆனாலும் அதையும் சேர்த்துக்கொள்ளும்.

என் பெட்டி வருகிறது.

இக்னேசியஸ்


பாரிஸ் விமானநிலையம், வெளி வாசல்
அதே நாள்

கரோலின் அப்பாவுக்கு,

பெயர் நிலாணி.

இரண்டாவது கேள்விக்கு நான் யோசிக்கவேணும். எனக்குத் திங்கட்கிழமையில் இருந்து புதிதாகத் தொண்ணூறு நாள் தந்திருக்கிறார்கள். உங்களுக்கும் தொண்ணூறுதானே. பத்து நாள் ரிக்கற்றைப் பின்னுக்குத் தள்ளலாமோ என்று தியாகலிங்கத்தைக் கேளுங்கோ. கேட்கப் பழகின கையோடு அதையும் கேட்டுவிடுங்கோ.

காரில் கரோலின் இருக்கிறாள். நான் நிலாணியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கோ. சிரித்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. இங்கே மெசின் இல்லை.

அன்ரனெற்